மூன்றாவது பாட்டு இருந்த இடம்

அமரில்லோ, டெக்ஸாஸ்
12 ஜூலை 1997

என் தங்கம் ஷிஜாவுக்கு அக்கா லீலாபாய் எழுதுவது. அப்பாவை என் பேரைச் சொல்லிக் கட்டிப் பிடித்துக்கொள். உன் வீட்டுக்காரர் நிஜின் ஆட்டோவை மெதுவாக ஓட்டட்டும்.

இந்தப் பொதிக்குள் ஒரு கேசட் இருக்கிறது. உடையாமல் வந்ததா? என்னோடு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் டானா என்ற பெண் கொடுத்தாள். கன்ட்ரி என்கிற இந்த ஊர் நாட்டுப்பாட்டுதான், ஆனால் ரேடியோவில் போடுகிற பளபளப்பான கன்ட்ரி இல்லை. ஆல்டர்நேட்டிவ் கன்ட்ரி என்று பேர் வைத்திருக்கிறார்கள். பழைய மாதிரிப் பாடுகிற புதுப் பிள்ளைகள், நாலு பேர். ஆல்பத்தின் பேர் ‘ஹெண்டர்லி ரோடு’. அட்டையில் பாதி இடிந்த ஒரு மரவீடும் மண்பாதையும். அதைப் பார்த்த உடனேயே எனக்கு வெள்ளறடை ஞாபகம் வந்துவிட்டது. இங்கே அந்த மரவீடுகூடக் கிடையாது. மழை கிடையாது, பச்சை கிடையாது, காற்றடித்தால் வாயெல்லாம் மண்.

மடியில் படுக்க வைத்து வாசிக்கிற ஒரு ஸ்டீல் கிட்டார் இருக்கிறது. அது இழுக்கிற இழுப்பு நம் கிணற்றுக் கப்பி மாதிரியே இருக்கும், கேட்டுப் பார். மூன்றாவது பாட்டை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு கேள். ஒருத்தன் பல வருஷம் கழித்துப் பிறந்த வீட்டுக்கு வருகிறான். பின்னறையை இடித்துப் போட்டிருக்கிறார்கள். அந்த ஒரு அறையையாவது எனக்காக விட்டிருக்கக் கூடாதா என்று வண்டியில் உட்கார்ந்தபடியே பாடுகிறான். டியூட்டிக்குப் போகும்போதும் வரும்போதும் அதைத்தான் கேட்கிறேன். கேட்டுக் கேட்டு அழுகிறேன்.

ஷிஜா, நீ அனுப்பிய சம்மதப்பத்திரம் என் பைபிளுக்குள் இருக்கிறது. வீடு நம் இரண்டு பேர் பேரிலும் இருப்பதால் நான் கையெழுத்துப் போட்டால்தான் பஞ்சாயத்தில் பிளான் பாஸாகும் என்று தெரியும். பேனாவை எடுத்த அன்றைக்குத்தான் இந்தப் பாட்டைக் கேட்டேன். கை வரவில்லை. அடுக்களைக்குப் பின்னால் ஓடு இறக்கிய அந்தச் சாய்ப்பை இடித்துக் கக்கூஸ் கட்டுவதா? நானும் நீயும் ஒரே பாயில் படுத்த அறையல்லவா? வேறு பக்கம் பார்க்கக் கூடாதா? அடுத்த கிறிஸ்துமஸுக்கு நான் வருவேன். அதுவரை எதையும் தொடாதே. எல்லாம் இருந்தபடியே இருக்கட்டும்.

உன் அக்கா,
லீலா


வெள்ளறடை
3 ஆகஸ்ட் 1997

அக்காவுக்கு,

ஸ்தோத்திரத்தைக் கடைசியில் சொல்கிறேன், அப்போதும் மனசிருந்தால்.

உன் கேசட் செய்த வேலையை முதலில் கேள். தபால்காரர் மோகனன் அமெரிக்கப் பொதி என்று வழிநெடுகச் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறார். அன்றைக்கு நம் வீட்டில்தான் ஜெபக்கூட்டம். நம் ரத்னபாய் பெரியம்மை உள்ளே வந்து உட்காரக்கூட இல்லை, “லீலா பாட்டு அனுப்பியிருக்காளாமே, போடு பிள்ளே, கேட்டு ஜெபிப்போம்” என்றார். அமெரிக்காவிலிருந்து நர்ஸ் பிள்ளை அனுப்பினால் கிறிஸ்தவப் பாட்டுதானே? நானும் அப்படித்தான் நினைத்தேன். உன் கடிதத்தைப் பிரிக்கக்கூட நேரமில்லை. போட்டேன்.

எல்லாரும் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்கள். நல்ல இழுவைப் பாட்டு. பெரியம்மை இரண்டு தடவை ஆமென் சொல்லிக் கண்ணைத் துடைத்தார். மூன்றாவது பாட்டில்தான் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்த ராஜதாஸ் சார் கண்ணைத் திறந்தார். “ஏய், நிறுத்து நிறுத்து. முதப் பாட்டு முழுக்க விஸ்கியாக்கும். ரெண்டாவதில ஒருத்தன் அடுத்தவன் பெண்டாட்டிய நெனச்சு அழுதான். மரியாதைக்குப் பொறுத்துக்கிட்டு இருந்தேன்.” பெரியம்மை முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். “எனக்க ஆமென் ரெண்டும் போச்சே” என்று எழுந்து போனவர் இன்னும் இந்தப் பக்கம் வரவில்லை.

சிரிப்பதற்கு எழுதவில்லை. மூன்றாவது பாட்டில் என்ன சொல்கிறான் என்று கேட்டேன். வீட்டை இடிக்காதே என்று புலம்புகிறான் என்றார் சார். பிறகு உன் கடிதத்தைப் படித்தேன். நான் கையெழுத்து கேட்டேன், நீ பாட்டு அனுப்பியிருக்கிறாய்.

வேறு பக்கம் பார்க்கலாமே என்கிறாய். எந்தப் பக்கம்? கிழக்கே கிணறு, மேற்கே பாறை, முன்னால் ரோடு. நீ வளர்ந்த வீடுதானே, மறந்துவிட்டதா? ஈஸ்டரோடு வாதம் வந்து அப்பாவுக்கு வலதுபக்கம் விழுந்தது உனக்குத் தெரியும். பலாமரத்தைத் தாண்டி, சரிவில் இறங்கி, அந்தப் பழைய கக்கூஸுக்கு அவரை நான் தாங்கிக்கொண்டு போகிறேன் என்பதும் தெரியும். மழையில் அந்தச் சரிவு எப்படி இருக்கும் என்றும் தெரியும், நீயே எத்தனை தடவை விழுந்திருக்கிறாய். போன வாரம் அப்பா விழுந்தார். முட்டில் தோல் முழுக்கப் போய்விட்டது. விழுந்த இடத்திலேயே எல்லாம் ஆகிவிட்டது. அரசு பஸ்ஸில் இத்தனை வருஷம் கண்டக்டராக நிமிர்ந்து நின்ற மனுஷன், சேற்றில் உட்கார்ந்து என் முகத்தைப் பார்க்காமல் அழுதார்.

கிணற்றில் இப்போது கப்பி கிடையாது. மோட்டார் வைத்தாயிற்று. அது எந்தப் பாட்டு மாதிரியும் கேட்காது.

பத்திரத்தைக் கையெழுத்துப் போட்டு அனுப்பு.

ஷிஜா


அமரில்லோ
25 ஆகஸ்ட் 1997

ஷிஜா,

நான் ஆசையாக அனுப்பியதை ஊர் முழுக்கப் போட்டுக் காட்டிச் சிரித்தாயிற்று. சந்தோஷம்தானே?

அப்பா விழுந்ததை நான்கு வாரம் கழித்துக் கடிதத்தில் படிக்கிறேன். உடனே பக்கத்து வீட்டுச் சத்யபாமாவுக்குப் போன் போட்டேன். “ஷிஜே, சேச்சி விளிக்குந்நு!” என்று அவர் வாசலில் நின்று கூப்பிடுவது எனக்கே கேட்டது. அக்கா கூப்பிட்டும் நீ வரவில்லை. அடுப்பில் சோறு வேகிறது என்று சொல்லியனுப்பினாய். அமெரிக்காவிலிருந்து பேசுகிறவள் உன் சோறு வடிகிறவரை காத்திருக்க வேண்டுமா? என்ன திமிரடி உனக்கு!

பெட்பான் வாங்கி வை. நர்ஸாகச் சொல்கிறேன், அதற்கு வீட்டை இடிக்க வேண்டாம். நான் இங்கே என்ன பாட்டுக் கேட்டுக் கால் ஆட்டிக்கொண்டிருக்கிறேன் என்றா நினைத்தாய்? யார் யாருடைய அப்பாக்களையோ தூக்கி, துடைத்து, புரட்டிப் படுக்க வைக்கிறேன். அவர்கள் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை பூ வாங்கிக்கொண்டு வந்து எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போகிறார்கள். வீட்டுக்கு வந்தால் பேச ஆளில்லை. அந்தப் பாட்டுதான் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்கிறேன். அம்மா அந்தச் சாய்ப்பில்தான் செத்தாள். நான் அப்போது சவுதியில் லீவு கேட்டுக் கெஞ்சிக்கொண்டிருந்தேன். நீ பக்கத்தில் இருந்தாய். வாயில் தண்ணீர் விட்டாய். குளிப்பாட்டினாய். எனக்கு என்ன இருக்கிறது? அந்த அறையும் அந்த ஜன்னலும்தான். சரோஜம் என்று ஒருத்தி அங்கே படுத்திருந்தாள், ஜன்னல் வழியாகப் பலாமரத்தைப் பார்த்தாள் என்று நினைத்துக்கொள்ள எனக்கு ஒரு இடம் வேண்டும். உனக்கு அங்கே இருக்கக் கிடைத்தது, எனக்குக் கிடைக்கவில்லை. அது உனக்கு எங்கே புரியப் போகிறது?

நான் வரும்வரை இடிக்கக் கூடாது. அவ்வளவுதான்.

லீலா


வெள்ளறடை
19 செப்டம்பர் 1997

அக்கா,

கிடைத்தது! இந்த வார்த்தையை எங்கே கண்டுபிடித்தாய்? எனக்குக் கிடைத்ததை எல்லாம் ஒரு பொதியாகக் கட்டி அனுப்பட்டுமா? கஸ்டம்ஸில் பிரித்தால் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள்.

பெட்பான் ஈஸ்டர் முடிந்த வாரமே வாங்கியாயிற்று, பெரிய நர்ஸே. அப்பா அதைக் காலால் தட்டிவிட்டார். “பெத்த பிள்ளைட்ட பாத்திரம் பிடிக்கச் சொல்லுவேனா? எனக்கு நடக்க ஒரு கால் உண்டு” என்றார். வற்புறுத்தினால் அன்றைக்கு முழுக்கத் தண்ணீர் குடிக்க மாட்டார், சோறு தொட மாட்டார். அடக்கி வைத்துக்கொண்டு கிடப்பார். இது எந்த நர்ஸிங் புத்தகத்தில் இருக்கிறது? பார்த்துச் சொல்.

காலையில் நிஜின் பனச்சமூட்டுக்கு ஆட்டோ எடுக்கிறதுக்கு முன்னால் அப்பாவைத் தூக்கிக்கொண்டு போய் வருவார். அதற்குப் பிறகு நானும் அப்பாவும்தான். அவர் கனம் உனக்குத் தெரியாது. உன் தோள் எப்படி இருக்கிறது? என்னால் இடது கையைத் தூக்கித் தலை வாரமுடியவில்லை.

உன் சாய்ப்பைப் பற்றியும் சொல்கிறேன். உத்திரத்தில் கரையான். ஓடு நாலு இடத்தில் விலகிவிட்டது. சரிசெய்ய ஆளேறினால் கூரையும் ஆளோடு கீழே வரும். மழைபெய்தால் அங்கே சருவம் வைக்கிறேன், நிறைந்ததும் கொட்டுகிறேன். அம்மா படுத்திருந்த இடத்தில் இப்போது நிஜினின் பழைய டயர் இரண்டும் ரப்பர் ஷீட்டும் கிடக்கின்றன. அம்மா ஜன்னல் வழியாகப் பலாமரத்தைப் பார்த்தாளாம்! அம்மா கடைசி மாசம் கண்ணையே திறக்கவில்லை, அக்கா. ஜன்னல் கதவையும் சாத்தித்தான் வைத்திருந்தோம், சாரல் அடிக்கும் என்று.

உன் பாட்டை அப்பாவுக்கும் போட்டுக் காட்டினேன். அவருக்குப் பிடித்தால் நான் வாயை மூடிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மூன்றாவது பாட்டு முழுசும் கேட்டார். “ஆரு இது? பல்லுவலியா அவனுக்கு?” என்றார். பழைய வீட்டை நினைத்து அழுகிறான் அப்பா என்றேன். “பொறவு எதுக்கு விட்டுட்டுப் போனான்?” என்று கேட்டார். நானா கேட்டேன்? அப்பா கேட்டார்.

கிறிஸ்துமஸுக்கு வருவேன் என்று எழுதாதே. அந்த வரியை உன் பழைய கடிதங்களிலிருந்தே எடுத்துக்கொள்கிறேன்.

ஐப்பசித் துலாமழை வரப் போகிறது. அதற்குள் அஸ்திவாரமாவது போட வேண்டும். கையெழுத்துப் போடு.

ஷிஜா


அமரில்லோ
8 அக்டோபர் 1997

ஷிஜா,

என்னைவிடப் பதினோரு வயசு இளையவள் நீ. உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் நான் பள்ளிக்கூடப் பாடம் படித்தேன். அந்தப் பிள்ளையிடமிருந்து இப்படி ஒரு கடிதம். அம்மா கண்ணைத் திறக்கவில்லை என்று எழுத உனக்கு எப்படி மனசு வந்தது? எங்கே குத்த வேண்டும் என்று தேடித் தேடி எழுதினாயா?

அப்பா என்னைப் பற்றி என்ன சொல்கிறார் என்று ஒரு கடிதத்திலாவது எழுதினாயா? ஒரு வரி? லீலா எங்கே, லீலா எப்படி இருக்கிறாள் என்று அவர் கேட்காமலா இருப்பார்? வேண்டுமென்றே மறைக்கிறாய். உன் மனசு எனக்குத் தெரியும்.

நான் கையெழுத்துப் போட மாட்டேன். மூத்தவளிடம் எப்படிப் பேசுவது என்று படித்தபிறகு எழுது. அதுவரை எழுத வேண்டாம். அந்தக் கேசட் உங்களுக்குச் சிரிப்பாகத்தானே இருக்கிறது? திருப்பி அனுப்பிவிடு. அதை மதிக்கிற இடத்தில் இருக்கட்டும்.

லீலாபாய்


வெள்ளறடை
30 அக்டோபர் 1997

அக்காவுக்கு,

கேட்டபடி கேசட்டைத் திருப்பி அனுப்புகிறேன். முழுசாக இல்லை. கேசட் முதுகிலுள்ள ஓட்டையில் காகிதத்தைத் திணித்தால் எதன் மேலேயும் பதியலாம் என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததே நீதான். சவுதியிலிருந்து நீ பேசி அனுப்பும் கேசட்டிலேயே நாங்கள் திருப்பிப் பேசி அனுப்புவோமே, அதே மாதிரிதான் செய்திருக்கிறேன். மூன்றாவது பாட்டின் மேல் பதிந்தேன். முதல் இரண்டு பாட்டும் மறுபக்கமும் அப்படியே இருக்கின்றன.

சாய்ப்பில் மழை எப்படி ஒழுகுகிறது என்று நீ கேட்க வேண்டும், அதற்காகத்தான் டேப்ரிக்கார்டரைப் பழைய டயர் மேல் வைத்துவிட்டு வந்தேன். பத்தொன்பதாம் தேதி மத்தியானம், இடியும் மழையுமாக ஊற்றியது. நடுவில் அப்பா கூப்பிட்டுவிட்டார். ஓடினேன். நிறுத்த மறந்துவிட்டேன். மழைக்காலத்தில் சாய்ப்பு வழியாகத்தான் அவரை வெளியே கூட்டிப்போவது, அதனால் அதுவும் பதிந்திருக்கிறது. அழிக்கலாம் என்றுதான் நினைத்தேன். பிறகு உன் கடிதம் வந்தது. அப்பா உன்னைப் பற்றி என்ன சொல்கிறார் என்று நான் மறைக்கிறேன் என்று எழுதியிருந்தாய்.

ஆமாம், மறைத்தேன். இனி மறைக்கவில்லை. கேட்டுக்கொள்.

ஷிஜா


அமரில்லோ
16 நவம்பர் 1997

ஷிஜா, என் மக்கா,

கேசட் வந்த அன்றைக்கே, ஆஸ்பத்திரி வாசலில் காருக்குள் இருந்தபடி போட்டேன். உன்மேல் அவ்வளவு கோபம். முதல் இரண்டு பாட்டும் ஒழுங்காக ஓடின. மூன்றாவது பாட்டு தொடங்கி, அவன் வாய் திறந்த உடனே டக்கென்று அறுந்தது. பிறகு மழை. முதலில் மனசு குளிர்ந்துபோயிற்று, என் புத்தியைப் பார். நம் ஊர் மழை என்று கண்ணை மூடிக்கொண்டேன். சருவத்தில் சொட்டுச் சொட்டாக விழுவதுகூட எனக்குப் பாட்டாகத்தான் கேட்டது.

அப்புறம் அப்பா கூப்பிட்டார்.

“லீலா… ஏட்டி லீலா… வா மக்கா, அடக்க முடியல்ல.”

நான் காருக்குள் “என்னப்பா” என்று சொல்லிவிட்டேன். சத்தமாக. அதற்குள் நீ பதில் சொல்லிவிட்டாய். “வாறேன் அப்பா, வந்தாச்சு.”

உன் குரல்தான். அவர் என்னைக் கூப்பிட, நீ போகிறாய். செருப்பு இழுபடுகிற சத்தம். “பைய, பைய, எனக்க தோளப் பிடிச்சுக்கிடுங்க.” அவர் மூச்சு வாங்குகிறது. “லீலா, நீ விழுந்திராத மக்கா.” “நான் விழமாட்டேன் அப்பா.”

பிறகு அவர் நின்றுகொண்டு கேட்கிறார். “ஷிஜாவ எங்க? அவளக் காணவே இல்லியே.”

அதற்குப் பிறகு நீ சொன்னது. “அவ அமெரிக்காவில இருக்கா அப்பா.”

“அவளுக்கு அங்க சொகமா?”

“சொகந்தான். கிறிஸ்துமஸுக்கு வருவா.”

ஏட்டி ஷிஜா! எத்தனை நாளாக இப்படி? வலதுபக்கம் விழுந்ததிலிருந்தேவா? என் பேருக்கு நீ எழுந்து போகிறாய், என் பேரில் அவரைத் தாங்குகிறாய், உன்னை அவர் தேடினால் ஊரில் இல்லை என்று நீயே சொல்கிறாய். இவ்வளவையும் வைத்துக்கொண்டு கப்பியையும் கரையானையும் பற்றி எழுதினாயே, கள்ளி! இதை முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தால் நான் அன்றைக்கே கையெழுத்துப் போட்டிருப்பேனே. எழுதமாட்டாய். எனக்கு அந்தச் சந்தோஷத்தைத் தரக் கூடாது என்றுதானே? தெரியும், உன் இடத்தில் இருந்தால் நானும் தந்திருக்க மாட்டேன்.

அவரைத் தப்பாக நினைக்காதே. இந்த நோயில் பேர்கள் மாறிப்போகும், நான் தினமும் பார்க்கிறேன். இங்கே ஒரு தாத்தா என்னை மார்கரெட் என்கிறார். நானும் சரி என்றுதான் பதில் சொல்கிறேன். ஆனால் அவர் என் அப்பா இல்லை. எனக்கு வலிக்காது.

பத்திரம் இதோடு இருக்கிறது. கையெழுத்துப் போட்டாயிற்று. இடி. கிடைத்த அன்றைக்கே இடி. பஞ்சாயத்தில் யாராவது இழுத்தடித்தால் நிஜினைப் போய் அங்கேயே உட்காரச் சொல். ஜன்னலை வைத்துக்கொள்ளட்டுமா என்றெல்லாம் என்னிடம் கேட்காதே. கான்கிரீட் வார்ப்பு போட்டு, தரையில் வழுக்காத ஓடு பதித்து, சுவரில் பிடித்து நடக்கக் கம்பி வை. கம்பி இடதுபக்கம் இருக்க வேண்டும், அப்பாவின் நல்ல கைப்பக்கம்.

கிறிஸ்துமஸுக்கு வருகிறேன் என்று எழுத எனக்கு இனி வாயில்லை. டிக்கெட் எடுத்தபிறகு சொல்கிறேன்.

லீலா


வெள்ளறடை
11 டிசம்பர் 1997

அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். முதலிலேயே சொல்லிவிட்டேன், ஆனால் கோபம் போய்விட்டது என்று நினைக்காதே. உன் கடிதத்தைப் படித்து அழுதேன், அழுததற்கும் சேர்த்துத்தான் கோபம். நாலு மாசம், அக்கா. ஒரு கையெழுத்துக்கு நாலு மாசம். அதற்குள் அப்பா மூன்று தடவை விழுந்தார். அதை எந்தக் கையெழுத்து திருப்பித் தரும்?

நேற்று சாய்ப்பை இடித்தோம். அவ்வளவு உறுதியான அறை என்று நினைத்தாயே, நிஜினும் இரண்டு ஆளும் தொட்டார்கள், காலைச் சாயா குடிக்கிறதுக்குள் தரையோடு தரை. ஜன்னலை விறகுக்குப் போடச் சொன்னேன். நிஜின் கேட்கவில்லை, கோழிக்கூட்டுக்கு வைத்திருக்கிறார். வந்தால் பார்த்துக்கொள். கோழிகள் பலாமரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன.

அப்பாவை நாற்காலியில் உட்காரவைத்துக் காட்டினேன். “ஆரு இடிக்கச் சொன்னது?” என்றார். லீலா என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். “நீ சொன்னா செரியாத்தான் இருக்கும்” என்றார். கேட்டாயா, அதிலும் பேர் உனக்குத்தான். மண்வெட்டி பிடித்த கை என்னுடையது.

ரத்னபாய் பெரியம்மை இடிக்கிற சத்தம் கேட்டு வந்தார். ஜெபக்கூட்டத்துக்குப் பிறகு இப்போதுதான் வருகிறார். கேசட்டைத் திருப்பி அனுப்பிவிட்டேன் என்றதும் முகம் வாடிப்போயிற்று. “அந்த ரெண்டாவது பாட்டு நல்லாத்தான் இருந்துது” என்று என் காதில் சொன்னார். அதை மட்டும் பதிந்து அவருக்கு அனுப்பு. மூன்றாவதை அனுப்பாதே.

கம்பி இடதுபக்கம்தான் வைக்கிறோம். அதை நீ சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

இன்னும் நிறைய இருக்கிறது, உன்னைத் திட்டுவதற்கு. எழுத நேரமில்லை. அப்பா கூப்பிடுகிறார். உன்னைத்தான். நான் போகிறேன்.

ஷிஜா